பட்டியலின் முதல் எண்

நான் வேலை செய்யும் மீனவர் சங்கத்தில் எந்தப் பட்டியல் எழுதினாலும் தலைவரின் பெயர்தான் முதலில் வரும். கூட்ட அறிவித்தலோ கோயில் அன்னதானமோ, அதில் மாற்றமில்லை. கடல் கொந்தளிக்கும் நாட்களில் படகுக்காரருக்குக் குறுஞ்செய்தி அனுப்ப ஒரு சிறிய கணினி ஸ்கிரிப்ட் எழுதியபோதும், அறுபத்திரண்டு எண்களில் அவருடைய எண்ணையே முதலில் வைத்தேன்.

எண்களின் கோப்பை, குழாயில் தண்ணீர் விடுவதுபோல, ஒரு பைப் வழியாகக் கட்டளைகளை ஓட்டும் ஷெல்லுக்குள் விடுவேன். அது ஓர் எண்ணை வாசித்து, மோடம் பொருத்திய கீழ்மாடிக் கணினிக்குள் நுழைந்து, செய்தியை அனுப்பிவிட்டு அடுத்த எண்ணுக்கு வரும். வரவேண்டும். டெர்மினல் திரையில் எந்தப் பிழையும் காட்டாமல் ஐந்தாறு செக்கனில் முடிந்துவிடும். என்ன வேகம் என்று எனக்குப் பெருமை வேறு. உடனே தலைவர் ரெலிபோன் எடுப்பார்.

"ஓம் பிள்ளை, வந்திட்டுது."

அதோடு எல்லாருக்கும் போய்விட்டது என்று நாங்கள் அடுத்த வேலையைப் பார்ப்போம்.

போன கார்த்திகையில் ஒரு மத்தியானம், பின்னேரம் பலத்த காற்று வருமென்று எச்சரிக்கை அனுப்பினேன். தலைவர் வழமைபோல் எடுத்துச் சொன்னார். பத்து நிமிடம் கழித்து, இலங்கைத்துறையில் படகு வைத்திருக்கும் என் அண்ணா ரெலிபோன் எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவேனா என்று கேட்கத்தான். பின்னால் படகு எஞ்சின் சத்தம் கேட்டது.

"அண்ணா, எங்க நிக்கிறீங்கள்?"

"கரையில. வெளிக்கிடப் போறம். ரெண்டு படகு கடலுக்குப் போட்டுது."

"மெசேஜ் வரேல்லையா?"

"எனக்கு ஒரு நாளும் வாறேல்லையே. அது தலைவர் ஆக்களுக்கு வாறதெண்டுதான் நாங்கள் நினைச்சம்."

"காத்து வருது, போகாதேங்கோ! போன ஆக்களையும் திருப்பிக் கூப்பிடுங்கோ!" என்று கத்திவிட்டு வைத்தேன். அண்ணாவை மறித்தாயிற்று. மற்றக் கரைகளில் நிற்பவர்களை யார் மறிப்பது?

வாசிக்கும் எண்ணைத் திரையில் காட்டும்படி ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்து மறுபடி ஓட்டினேன். தலைவரின் எண் வந்தது. இரண்டாவது எண் வரவேயில்லை. அப்போதுதான் உறைத்தது. பைப்பில் வருவதை ஷெல் மட்டும் வாசிப்பதில்லை, அது உள்ளே ஓட்டும் கட்டளையும் அதே பைப்பிலிருந்துதான் வாசிக்கும். கீழ்மாடிக் கணினிக்குள் நுழையும் கட்டளை, தலைவருக்கு அனுப்பும்போதே மிச்சம் அறுபத்தொரு எண்ணையும் சேர்த்துக் குடித்துவிட்டது. ஷெல் திரும்பி வந்து பார்த்தால் பைப் வெறுமை. வேலை முடிந்ததென்று நல்ல பிள்ளையாக நின்றுவிட்டது. நானோ என் ஒரே எண்ணை மட்டும் போட்டுப் பரீட்சித்த கெட்டிக்காரி!

அந்தக் கட்டளைக்கு வாசிக்க எதுவும் கிடைக்காதபடி அதன் உள்ளீட்டை வெறுமையான ஒன்றோடு இணைத்தேன். அவசரத்தில் இரண்டு தரம் பிழையாகத் தட்டினேன். பிறகு எண்கள் ஒவ்வொன்றாகத் திரையில் இறங்கின. என்ன ஆமை வேகம்! தலைவர் மீது கோபம் வந்தது, பட்டியல் மீது வந்தது, உண்மையில் என் மீதுதான். நாற்பதாவது எண்ணில் காற்று ஜன்னலை அடிக்கத் தொடங்கியது.

நான்கு மணிக்கு அண்ணா எடுத்தார். போன இரண்டு படகும் திரும்பிவிட்டன. ஒருவருக்குக் கடலில் வைத்தே செய்தி கிடைத்ததாம்.

"எங்களுக்கும் மெசேஜ் வந்திட்டுதெண்டு கரையில ஒரே கதை" என்று சிரித்தார்.

எனக்கு அழுகை வந்தது. எட்டு மாதமாக ஒருவர்கூட ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. தங்களுக்கு வராது என்பதில் அவர்களுக்கு எந்த ஆச்சரியமும் இருக்கவில்லை.

மறுநாள் தலைவரின் எண்ணை வெட்டிப் பட்டியலின் கடைசி வரியில் ஒட்டினேன். செயலாளர் முகத்தைச் சுளித்தார். சுளிக்கட்டும். இப்போது தலைவர் "ஓம் பிள்ளை, வந்திட்டுது" என்று சொல்லும்வரை நான் கதிரையை விட்டு எழும்புவதில்லை.