எண்ணூர் ரயிலில் எங்கள் அமீர்

மூன்று பேர் பயணம் போனால் ஒருவரை அமீராக, அதாவது தலைவராக ஆக்கி, அவர் சொல்படி நடக்க வேண்டும் என்பது நபிவழி. இன்று காலை நானும் இரண்டு பிள்ளைகளும் ராயபுரத்தில் ரயில் ஏறியதும், எட்டு வயது மகளை அமீராக்கினேன். பொறுப்புக் கொடுத்தால் ஜன்னலில் தொங்க மாட்டாள் என்ற நினைப்பு.

தொங்கவில்லை. தம்பியையும் தொங்க விடவில்லை.

எர்ணாவூர் தாண்டி ரயில் நின்றுவிட்டது. சிக்னல் பச்சைக்கு மாறவே இல்லை. எண்ணூரில் மச்சான் மகளுக்கு நிகாஹ். நான் சாட்சி. எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன்.

மீன்கூடையோடு ஒருவர் தண்டவாளத்தில் குதித்தார்.

"இன்னா நைனா, குந்திகினு கீற? எறங்கு, நடந்தே பூடலாம்."

படியில் கால் வைத்தேன். மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஸ்டேஷன் வர்ற வரிக்கும் யாரும் எறங்கக் கூடாது அத்தா."

"அங்க சாட்சிக்குக் காத்துகினு இருப்பாங்கம்மா."

"அப்ப நான் அமீர் இல்லியா?"

தம்பி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். உட்கார்ந்துவிட்டேன்.

போய்ச் சேர்ந்தபோது பந்தியே தொடங்கியிருந்தது. சாட்சிக் கையெழுத்தை வேறொருவர் போட்டிருந்தார். மச்சான் என்னை முறைத்தார்.

"அத்தா நடுவழியில எறங்கப் பாத்தாரு மாமா. நான்தான் வுடல" என்றாள் அமீர்.

திரும்பும்போது புது அமீர் வேண்டும் என்றேன். சீட்டெழுதி ஓட்டெடுத்தோம். மூன்று சீட்டிலும் அவள் பெயர்தான்.

மூன்றாவது சீட்டின் கையெழுத்து யாருடையது என்று மச்சானிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது சரி, உங்கள் பயணத்தில் யார் அமீர்?