புட்டம்மா சொன்ன கரி

அன்று வாசலில் இருந்தவர்கள்: நான், என் நாலு வயது மகள் கௌரி, என் கொழுந்தன் மாதேசன், பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மா புட்டம்மா. அப்புறம் என் சேவல்.

(வீட்டுக்காரர் கம்பெனியில் முதல் ஷிப்ட். இருந்திருந்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டார்!)

இன்று காலையில் இந்தக் கோழி வளர்ப்புக் குரூப்பில் ஒரு தம்பி, "சேவலுக்கு இறகெல்லாம் கொட்டுது, சீக்கா?" என்று போட்டோ போட்டிருந்தார். கீழே ஆளாளுக்கு "அறுத்துடுங்க ப்ரோ" என்று எழுதியிருக்கிறீர்கள்!

அதனால்தான் எழுதுகிறேன்.

எண்பதுகளில் ஒரு ஐப்பசி. பாரூரிலிருந்து ஓசூர்ப் பக்கம் குடிவந்து இரண்டு மாதம். எனக்குக் கன்னடம் ஒரு சொல் தெரியாது.

கௌரிக்குப் பேச்சு வரவில்லை. சேவல் கூவினால் மட்டும் "கோ..." என்று பதில் கொடுப்பாள். அவள் வாயிலிருந்து வந்த ஒரே சத்தம் அதுதான்.

அந்த மாதம் சேவல் கூவுவதை நிறுத்தியது. கழுத்து மொட்டை, வால் இல்லை, கொண்டை வெளுத்துவிட்டது.

அவளும் நிறுத்திவிட்டாள்.

பயந்துபோய் புட்டம்மாவைக் கூப்பிட்டேன். சேவலின் கழுத்தைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். "ஹொஸ கரி பருத்தே, பிடு" என்று சொல்லிவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

"என்னா சொல்றாங்க மாதேசா?"

"சீக்காம் அண்ணி. முத்தறதுக்குள்ள புடிச்சி அறுத்தா கறிக்காவது ஆவுமாம்."

"நெசமாவா?"

"உங்க காதுலயே உழுந்துச்சே, கறின்னு!"

விழுந்ததுதான்.

கௌரியை உள்ளே அனுப்பினேன். அவன் அறுத்தான். நான் வெந்நீரில் முக்கினேன். மொட்டைத் தோல் முழுக்க முள் முள்ளாகக் கையில் குத்தியது. எல்லாம் புது இறகுக் குருத்து. இரைப்பை நிறைய கேழ்வரகு. சீக்குக் கோழி இப்படித் தின்னுமா?

புட்டம்மா திரும்பி வந்தார். பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். மண்ணில் கிடந்த ஓர் இறகை எடுத்து என் முகத்துக்கு நேரே ஆட்டினார்.

"கரி! கரி!"

பிறகு குருத்தைத் தொட்டுக் காட்டினார்.

"ஹொஸ கரி..."

புது இறகு வருது, விடு என்றுதான் சொல்லியிருக்கிறார்.

நான் மாதேசனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் ஈரலைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். ஆறு வருடம் பெங்களூர் மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவன். தூக்கத்தில்கூடக் கன்னடத்தில்தான் பேசுவான்.

வேறு சேவல் வாங்கினேன். அது கூவினால் கௌரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏழு வயதில்தான் பேசினாள். இப்போது போனில் என்னையே பேசவிடுவதில்லை. ஆனால் நடுவில் அந்த மூன்று வருடம் வீட்டில் கிடந்த அமைதி எனக்குத்தான் தெரியும்.

தம்பி, உங்கள் சேவலின் மொட்டை இடத்தைத் தடவிப் பாருங்கள். குருத்து குத்துகிறதா? கண் தெளிவாக இருக்கிறதா? தீனி தின்கிறதா? அப்படியானால் அது இறகு மாற்றுகிறது. பொங்கலுக்குள் கூவிவிடும். விட்டுவிடுங்கள்.

போன வருடம் சீக்காகிப் படுக்கையில் கிடந்த மாதேசன் சொன்னான்: "அண்ணி, மனசுல எதுவும் வெச்சிக்காதீங்க."

கஞ்சி ஊட்டினேன். வாயைத் துடைத்துவிட்டேன். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தேன்.

தப்பாகக் கேட்ட என் காதை மன்னித்துவிட்டேன்.

மாதேசனை மாட்டேன்.