புளி போட்டு மினுக்கிய கோதுகள்

அந்த வயதில் எனக்குச் சிஞ்ஞோரே ஒரு மந்திரவாதி. வியா மக்வேதா என்ற பெருந்தெருவுக்குப் பின்புறம் இருந்த அந்த இத்தாலிய ஐயாவின் வீட்டில்தான் அம்மா துப்புரவு வேலை செய்தார். பள்ளி விடுமுறையில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பதால் நானும் கூடப் போவேன். அம்மா தரை துடைத்து முடியும்வரை, சிஞ்ஞோரேயின் வேலையறையில் ஒரு முக்காலியில் குந்தி வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவரிடம் நரி சுடும் துவக்கு ஒன்று இருந்தது. நகரத்துக்கு வெளியே உள்ள அவருடைய தோட்டத்தில் கோழிகளை நரி மிச்சம் வைப்பதில்லையாம். ஆனால் நானறிய அவர் சுட்டதெல்லாம் குறிபார்க்கத் தொங்கவிட்ட கடதாசியைத்தான். கடையில் விற்கும் தோட்டா அவருக்குச் சரிவராது. சுட்டு முடிந்த பித்தளைக் கோதுகளைப் பொறுக்கி வந்து, புதிதாக வெடிமருந்தும் முனையில் ஈயச் சன்னமும் இட்டுத் தானே தோட்டா செய்வார். மருந்து எப்போதும் அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கும். எனக்குக் காட்டியது வெறுங்கோதுகளை மட்டும். ஒன்றைத் தராசில் வைப்பார், ஓர் எண் மினுங்கும். அச்சாக அதே மாதிரி இன்னொன்றை வைப்பார், எண் மாறிவிடும். ஒரே எடை உள்ளவற்றை ஒரே வரிசையில் மரத்தட்டில் நிறுத்துவார். பனிக்காலம் முழுக்க அவருக்கு அதுதான் வேலை.

சுவரில் அவர் சுட்ட கடதாசிகள் தொங்கின. முதலாவதில் ஐந்து ஓட்டைகளும் தங்களுக்குள் கோபித்துக்கொண்டவர்கள் மாதிரி மூலைக்கொன்றாய் நின்றன. கோதுகளை எடைபார்த்துப் பிரித்த பிறகு அவை ஒரு கோப்பிக் கோப்பையின் வாயளவுக்குள் வந்தன. சன்னத்தை எவ்வளவு ஆழத்தில் இருத்துவது என்று மாற்றி மாற்றிப் பார்த்தபின் ஒரு நாணயத்துக்குள் அடங்கின. கடைசிக் கடதாசியில் ஒரே ஓர் ஓட்டைதான்.

"மற்ற நாலும் எங்கே?" என்று கேட்டேன்.

"அதற்குள்ளேதான்" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பூசையில் மணி அடிக்கும்போதுகூட எனக்கு அப்படி ஆனதில்லை.

ஒருநாள் காலை அவர் கோப்பி குடிக்க வெளியே போயிருந்தார். அறையைத் துடைக்க வந்த அம்மாவின் கண்ணில் அந்த மரத்தட்டு பட்டது. கோதுகளின் கழுத்தெல்லாம் கரி. கறுத்த பித்தளையைக் கண்டால் அம்மாவின் கை சும்மா இராது. வரும் வழியில் ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தமிழ்க் கடையில் வாங்கிய பழப்புளி பையில் இருந்தது. பிறகு கேட்க வேண்டுமா? ஒரு சட்டியில் புளியைக் கரைத்துக் கோதுகளை அள்ளிப் போட்டு, உள்ளும் புறமும் தேய்த்துக் கழுவிப் பல்கனியில் துவாயை விரித்துப் பரப்பிவிட்டார். வெயிலில் அவை தங்கமாய் மின்னின. நான் கைதட்டினேன்.

சிஞ்ஞோரே திரும்பி வந்து பல்கனியைப் பார்த்தார். முகம் வெளுத்துப்போய்க் கதிரையில் இருந்துவிட்டார்.

"என்னவாம்? கேள் பிள்ளை" என்றார் அம்மா.

அவர் எனக்கு மெதுவாக விளங்கப்படுத்தினார். எடைபார்த்துப் பிரித்தது எல்லாம் கலந்துவிட்டது. அது மட்டுமல்ல. கழுத்தின் உட்புறத்தில் இருந்த அந்த மெல்லிய கரிதான் எல்லாச் சன்னங்களையும் ஒரே இறுக்கத்தில் பிடித்து வைத்திருந்தது. இனி ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரிப் பிடிக்கும். அழுக்குக்கும் ஒரு வேலை இருக்கிறது என்பதை நான் அன்றுதான் அறிந்தேன்.

நான் தமிழில் சொல்லச் சொல்ல அம்மா ஈரக்கையை உடுப்பில் துடைத்துத் துடைத்து நின்றார். அந்த மாதம்தான் எங்கள் வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குச் சிஞ்ஞோரே வேலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். வேலை போனால் பெர்மெஸ்ஸோவும் போகும் என்பது எனக்கே தெரியும். வீட்டில் அந்த நாட்களில் வேறு கதையே இல்லை.

"நானே எல்லாத்தையும் திரும்ப நிறுத்துப் பிரிச்சுத் தாறன் எண்டு சொல்லு."

சொன்னேன். அவர் ஒரு கோதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் வாழ்நாளில் இப்படியொரு மினுக்கத்தைக் கண்டதில்லை என்று சொல்லி, அம்மா இதை எங்கே பழகினார் என்று கேட்டார்.

"எங்கட ஊரிலை உது நிறையக் கிடக்கும்" என்றார் அம்மா. "வேலியடி, கிணத்தடி, பள்ளிக்கூட முற்றம் எல்லா இடமும். சின்னனிலை நாங்கள் பொறுக்கியந்து, புளி போட்டு மினுக்கி, ஒவ்வொண்டிலையும் ஒரு பூ குத்தி மாதா சுருவத்துக்கு முன்னாலை வைப்பம்."

ஒரு சொல்லும் விடாமல் இத்தாலியனில் சொன்னேன். அவர் கையிலிருந்த கோதைப் பார்த்தார். பிறகு, அங்கே எதைச் சுட்டார்கள் என்று கேட்டார்.

இதைப் போய் அம்மாவிடம் கேட்பானேன்? விடைதான் எனக்குத் தெரியுமே. "நரிகளை" என்றேன். எங்கள் ஊரில் எல்லோருமே இவரைப் போன்ற மந்திரவாதிகள் என்று எண்ணி எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

சிஞ்ஞோரே என்னைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். கோதைத் துவாயில் வைத்துவிட்டு, இனி அம்மா அந்த அறைக்குள் வர வேண்டியதில்லை என்றார்.

அதையும் அம்மாவிடம் சொன்னேன். "வேலை இருக்கோ எண்டு கேள்" என்றார் அம்மா. இருக்கிறது, பத்திரத்தில் நாளைக்கே கையெழுத்துப் போடுகிறேன், அந்த அறை மட்டும் வேண்டாம் என்றார். அம்மா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

வீடு திரும்பும்போது எனக்கு மனம் ஆறவில்லை. நான் அவ்வளவு நன்றாக எடுத்துச் சொல்லியும் அம்மாவுக்கு இந்தத் தண்டனையா?

"சிஞ்ஞோரே கடைசியா உன்னட்டை என்ன கேட்டவர்?" என்றார் அம்மா.

"எதைச் சுட்டவை எண்டு. நான் நரியெண்டு சொன்னனான்."

சனம் நிறைந்த வியா மக்வேதாவின் நடுவில் அம்மா அப்படியே நின்றுவிட்டார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பை அடக்க முடியாமல் ஒரு கடைச் சுவரைப் பிடித்துக்கொண்டார். கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. அம்மா அவ்வளவு சிரித்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை. பெரிய பகிடி ஒன்றைச் சொல்லிவிட்டேன் என்ற சந்தோசத்தில் நானும் சேர்ந்து சிரித்தேன்.