ஜெல்லியைத் தொடாத ஆறு எலிகள்

போன மாதம் கம்பெனி பஸ் கவரைப்பேட்டையைத் தாண்டும்போது பின் சீட்டிலிருந்து, என்னோடு வேலை பார்க்கும் லூர்து என் தோளைத் தட்டினான். "ணா, நம்ம எஸ்தர் டாக்டரம்மா பூட்டாங்களாம். விடிகாலைல, நெஞ்சு வலி." எனக்கு உடனே அழுகை வரவில்லை. முதலில் வந்தது பயம். செத்துப் போனவருக்கா பயப்படுவாய் என்று கேட்பீர்கள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் என்னைப் பயப்பட வைத்த ஒரே ஆள் அவர்தான்.

அவர் நினைவாக இதை எழுதுகிறேன். அவரோடு வேலை செய்த உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மனிதருக்குப் போகும் மருந்தை முதலில் எலிக்குக் கொடுத்துப் பார்க்கும் நம் ஆய்வுக்கூடத்தில் அவர் கால்நடை மருத்துவர்; நான் கூண்டு பார்ப்பவன். எட்டாவதோடு படிப்பு என்னைக் கைவிட்டது. ஆனாலும் எலி விஷயத்தில் டெல்லியிலிருந்து வந்த அதிகாரியே என்னிடம் சந்தேகம் கேட்டுவிட்டுத்தான் டீ குடித்தார். கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன் என்று லூர்து சிரிப்பான். சிரிக்கட்டும். கீழே வருவதில் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

எலிக்கு அறுவைச் சிகிச்சை முடிந்த நாளில் டாக்டரம்மா கூண்டருகே போகமாட்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, எலி அறையின் கண்ணாடிக்கு வெளியே அசையாமல் உட்கார்ந்திருப்பார். "ஆள் எதுர்ல நின்னா எலி வலியக் காட்டாதுண்ணா. நம்மளப் பூனைன்னு நெனச்சிகினு நல்லாருக்கிற மாதிரி நடிக்கும்" என்பார். கண் இடுங்கியிருக்கிறதா, காது பின்னால் மடிந்திருக்கிறதா, முதுகு கூனியிருக்கிறதா, கண்ணோரம் சிவப்பாகக் கசிகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். ஒருமுறை லூர்து, "மேடம், எலிக்கு இவ்ளோ பாக்குறீங்க, எனக்கு மூட்டு வலின்னா திரும்பிக்கூடப் பாக்கறதில்ல" என்றான். "நீ வாயத் தொறந்து கத்துறல்ல, அது கத்தாது" என்றார்.

என் தப்பு ஜெல்லியில் நடந்தது. எலி புதுத் தீனியை நம்பாது. அதனால் வலி மருந்தை ஜெல்லியில் கலந்து கொடுப்பதென்றால், அறுவைக்கு முன் மூன்று நாள் மருந்தில்லாத ஜெல்லியை வைத்துப் பழக்க வேண்டும். வைத்த நாளுக்கு ஒன்றாகப் படிவத்தில் கோடு போட வேண்டும். அது ஆடி மாதம். குடும்பத்தோடு பெரியபாளையம் அம்மன் கோயிலுக்குப் போகிற அவசரம். என் கையால் கொடுத்தால் வேப்பங்காயையும் தின்னும் என்று பீற்றிக்கொண்டு, ஒரே நாளில் மூன்று கோட்டையும் போட்டேன். ஜெல்லி வைக்கவே இல்லை.

ஆறு எலிகளுக்குக் காலில் அறுவை நடந்தது. மதியம் இரண்டு மணிக்கு அடுத்த வேளை மருந்தை ஜெல்லியில் வைத்தேன். மூன்று மணிக்குப் போய்ப் பார்த்தால் ஆறு தட்டும் வைத்தபடியே இருந்தன. விஷயம் தெரிந்தால் வேலை போகும். காண்டிராக்ட் ஆள் நான். ஜெல்லியை வழித்துக் குப்பையில் போட்டுவிட்டுத் தட்டுகளைத் துடைத்து வைத்தேன்.

ஆறு மணிக்கு டாக்டரம்மா கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்தார். கால் மணி நேரம் ஆறு எலிகளையும் பார்த்தார். பிறகு, "ஜெல்லி துன்னுச்சாண்ணா?" என்றார்.

"நக்கி வச்சிட்ச்சு மேடம்."

"கண்ணு இடுங்கிக்கினு கீதே. ஆறும் ஒரே மாதிரி குந்திகினு இருக்குது."

அவர் எழுந்து என் பக்கத்தில் வந்தார். குரல் உயரவில்லை. "மருந்து உள்ள போயிருந்தா நான் இப்ப ஊசி போடக் கூடாது. ரெண்டு மடங்காயி வயிறு புண்ணாவும், ரத்தம் போவும். போகலன்னா இந்த நிமிஷமே போடணும். பேப்பர்ல கோடு கீது. நான் பேப்பர நம்பவா, எலிய நம்பவா? சொல்லுண்ணா."

நான் கூண்டுப் பக்கம் திரும்பினேன். கண்ணாடிக்கு உள்ளே ஓர் எலி அறுத்த காலைத் தூக்கி வைத்தபடி, தலையை உமி மெத்தையில் அழுத்திக்கொண்டிருந்தது.

"துன்னல மேடம். நான் வழிச்சுப் போட்டுட்டேன். பழக்கவும் இல்ல."

அவர் என்னைத் திட்டவில்லை. ஊசியை எடுத்தார். "புடி" என்றார். ஆறையும் நான்தான் பிடித்தேன். ஊசி போட்டு முடிந்து வெளியே வந்த பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். "நாலு மணி நேரம் வலில இருந்துச்சு. நீ சொல்லாம உட்டிருந்தா விடியற வரைக்கும் இருந்திருக்கும். இப்ப நடந்தத அப்படியே எழுது."

எழுதினேன். இரண்டு எலிகளின் கணக்கு அந்தச் சோதனைக்கே ஆகாமல் போனது. என்னை ஒரு வாரம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அந்த வாரம் திருப்பதி போயிருந்தேன் என்று இத்தனை வருடமாக உங்களிடம் சொல்லி வந்தேன். லட்டு எங்கே என்று கேட்டவர்களுக்குக் கதை வேறு கட்டினேன். நான் வீட்டில்தான் கிடந்தேன். டாக்டரம்மா இதை யாரிடமும் சொல்லவில்லை. இன்று நானே சொல்கிறேன்.

அவர் இடத்துக்கு வந்திருக்கும் இளம் டாக்டர் நேற்று, அறுவை முடிந்த எலியைக் காட்டி, "அண்ணே, உங்களுக்குத் தெரியாததா, வலி இல்லல்ல?" என்று கேட்டார். புகழ்ந்து கேட்டால் நான் என்ன சொல்வேன் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் வாயில் வந்தது வேறு.

"தெரியல சார். குந்திப் பாத்துட்டுச் சொல்றேன்."

டாக்டரம்மாவிடமிருந்து என்னிடம் தங்கியது 'தெரியல' என்கிற அந்த ஒரு சொல்தான். அதைச் சொல்ல இன்னமும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. சொல்லாமல் விட அதைவிடப் பயமாக இருக்கிறது.