நூற்றியெட்டு வடையும் புக்கிட் கெலாடி குரங்குகளும்

காட்டுக்குப் போகிறவர்கள் தொப்பி எடுத்துக்கொள்வார்கள், தண்ணீர் எடுத்துக்கொள்வார்கள், கொசு மருந்து எடுத்துக்கொள்வார்கள். போன மாதம் ஒரு சனிக்கிழமை நான் நூற்றியெட்டு மிளகு வடையோடு புக்கிட் கெலாடி வனப் பூங்காவுக்குப் போனேன். திட்டம் என்னுடையது இல்லை, என் அக்கா சரஸ்வதியுடையது. கோலாலம்பூரை அடுத்த செமினிப் பக்கம் ஒருநாள் பயணம் போக நினைக்கிறவர்களுக்கு உதவுமே என்றுதான் இதை எழுதுகிறேன். ஆனால் வடையை விட்டுவிட்டு இந்தப் பயணத்தைச் சொல்ல வழியில்லை, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காவின் மகள் கவிதாவுக்கு இரண்டு முறை கரு தங்கவில்லை. மூன்றாவது முறை உண்டானபோது அக்கா பிரிக்பீல்ட்ஸில் ஆஞ்சநேயர் சன்னதியில் நின்று வேண்டிக்கொண்டார். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால், காட்டில் இருக்கிற அவருடைய வானரப் பிள்ளைகளுக்குத் தன் கையாலேயே வடைமாலை சாத்துவதாக வேண்டுதல். சாமிக்குச் சாத்துவதாகச் சொல்லியிருந்தால் ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்திருக்கும். எங்கள் அக்கா எதையும் சுலபமாகச் செய்கிற ஆள் இல்லை.

பாப்பா பிறந்து மூன்று மாதம் ஆகிறது. கொழுகொழுவென்று இருக்கிறாள், வீட்டையே இரண்டாக்குகிற குரல். ஆனால் அக்காவுக்குப் பயம் போகவில்லை. வேண்டுதல் பாக்கி இருக்கும்வரை சாமி கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொண்டு விடுவாரோ என்று உள்ளுக்குள் உதறல். பாப்பாவைப் பற்றிப் பேசும்போது 'அடுத்த மாதம்' என்றுகூட வாயில் வராது. யாராவது பள்ளிக்கூடம், கல்யாணம் என்று விளையாட்டாக ஆரம்பித்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். அதனால்தான் 'சனிக்கிழமை காட்டுக்குப் போறோம், நீதான் கார் ஓட்டணும்' என்று அவர் சொன்னபோது நான் மறுபேச்சுப் பேசவில்லை.

காலை ஆறு மணிக்குப் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிளம்பினேன். பூச்சோங்கில் அக்கா வீடு, இருபது நிமிடம். அக்கா கேட்டரிங் நடத்துகிறவர், அன்றைக்கு மூன்று மணிக்கே எழுந்து வடை சுட்டிருந்தார். நூலில் கோத்த மாலை ஒரு பெரிய பிரம்புக் கூடையில், மேலே வாழை இலை, அதற்கு மேலே ஒரு குளிக்கிற துண்டு. துண்டு எதற்கு என்று கேட்டேன், முறைத்தார். பூச்சோங்கிலிருந்து காஜாங் வழியாகச் செமினி முப்பத்தைந்து கிலோமீட்டர். செமினி டவுனில் ரொட்டி சானாயும் தே தாரேக் என்கிற நுரை ததும்ப ஆற்றிய டீயும் சாப்பிட்டோம், இரண்டு பேருக்குப் பத்து ரிங்கிட் எண்பது காசு. காரில் இத்தனை வடையை வைத்துக்கொண்டு காசு கொடுத்து ரொட்டி தின்ற கொடுமையை எங்கே போய்ச் சொல்ல? ஒன்றே ஒன்று கேட்டுப் பார்த்தேன். "சாமி காரியம்டா ரவி, கையை எடு" என்றார் அக்கா.

செமினியிலிருந்து பூங்கா பதின்மூன்று கிலோமீட்டர். கடைசி நான்கு கிலோமீட்டர் குறுகல் சாலை, இரண்டு பக்கமும் மூங்கில். கண்ணாடியை இறக்கிவிட்டால் ஏர்கான் தேவையில்லை. எட்டேகாலுக்குக் கார் நிறுத்துமிடத்துக்கு வந்து சேர்ந்தோம். எதிரே ஆற்றுச் சத்தம், தலைக்கு மேலே இருவாச்சி ஒன்று கூப்பிட்டுக்கொண்டே பறந்து போனது. எனக்கு மனசு நிறைந்துவிட்டது. கோலாலம்பூரிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் இப்படி ஓர் இடம் இருப்பதே நமக்கு யோகம்தான்.

அந்த யோகம் அரை நிமிடம் நீடித்தது. அக்கா மடியில் கூடையோடு கதவைத் திறந்ததும் ஒரு பெரிய ஆண் குரங்கு வந்து காரில் கை வைத்தது. "வந்துட்டாரு பாருடா!" என்று அக்கா முகமெல்லாம் மலர்ந்து கும்பிட்டார். வந்தவர் கும்பிடைக் கண்டுகொள்ளவில்லை, துண்டைப் பிடித்து இழுத்தார். அக்கா அனிச்சையாகக் கூடையை இறுக்கிப் பிடிக்க, குரங்கு பல்லைக் காட்டி உறுமியது. பின்னாலேயே இன்னும் ஏழெட்டு. "ஐயோ ராமா!" என்று அக்கா போட்ட கூச்சல் ராமருக்கே கேட்டிருக்கும்.

அதற்குள் பச்சைச் சீருடை போட்ட ஒரு பெண் ஓடிவந்து பிரம்பால் தரையைப் படபடவென்று தட்டினார். குரங்குகள் ஒதுங்கின, போகவில்லை. அவர் பெயர் தேவி, அந்தப் பூங்காவின் வனக்காவலர், முப்பத்தைந்து வயதிருக்கும். "அங்கிள், கண்ணாடியை ஏத்துங்க. ஆன்டி, கூடையோட ஆபீஸுக்கு வாங்க" என்றார். நாற்பத்தெட்டு வயதில் என்னை அங்கிள் என்று கூப்பிட்டதை அந்த நேரத்தில் பெரிதுபடுத்தவில்லை.

நுழைவாயிலை ஒட்டி ஆபீஸ், அதை ஒட்டிச் சுற்றிலும் கம்பிவலை போட்ட ஒரு கூடம். உள்ளே கொண்டு போகிற பைகளைத் தேவியும், பாக் மாட் என்ற மலாய்க்காரப் பெரியவரும் திறந்து பார்க்கிறார்கள். குரங்குக்கு உணவு கொடுத்தால் அபராதம் என்று மூன்று மொழியில் பலகை. அக்கா அதைப் படிக்காத மாதிரியே நின்றார்.

"கூடையில என்னா ஆன்டி?"

"குளிக்கத் துணிம்மா."

"துணியில மிளகு வாசம் வருது லா."

அக்காவுக்கு வேறு வழியில்லை, வேண்டுதலை முழுதாகச் சொன்னார். தேவி கேலி செய்யவில்லை. "நானும் சனிக்கிழமை விரதம்தான் ஆன்டி, எனக்குப் புரியுது. ஆனா ஒண்ணு சொல்றேன் கேளுங்க. முன்னெல்லாம் இதுங்க மரத்த விட்டு இறங்காது. வர்றவங்க வாழைப்பழம், பிஸ்கட்டுன்னு குடுத்துப் பழக்கிட்டாங்க. இப்ப குடுக்கலைன்னா பிடுங்குது. ரெண்டு பேரக் கடிச்சிருச்சி. இன்னும் ஒரு தடவ கடிச்சா மேலிடத்துல இருந்து கூண்டு வந்துரும். பிடிச்சிக்கிட்டுப் போனா திரும்பி வராது."

"வராதுன்னா?"

"உயிரோட விட மாட்டாங்க ஆன்டி" என்று தேவி தணிந்த குரலில் சொன்னார். "அப்ப என் வடையே அதுங்களுக்கு எமனா?" என்று கேட்டவர் அங்கிருந்த பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். ஒரு வருடமாக அவர் சுமந்த பயம் எனக்குத் தெரியும். போட்டால் குரங்குக்கு ஆபத்து, போடாவிட்டால் பாப்பாவுக்கு ஆபத்து என்று நடுவில் மாட்டிக்கொண்டு தவித்தார். கோயிலிலேயே சாமிக்குச் சாத்திவிடலாம் என்று சமாதானம் சொன்னேன். "சாமிகிட்ட வாக்கு மாத்திப் பேசச் சொல்றியா?" என்று என் மேல் பாய்ந்தார். பாக் மாட் மெதுவாக ஒரு கோப்பைத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

தண்ணீரைக் குடித்துக்கொண்டே அக்கா வலைக்கு அந்தப் பக்கம் பார்த்தார். நிழல்வலைப் பந்தலின் கீழே வரிசையாகக் கருப்புப் பைகளில் கன்றுகள். "அது என்னாம்மா?"

தேவி சொன்னார். போன வருடக் கடைசி மழையில் மேலே ஒரு சரிவு அப்படியே இறங்கிவிட்டது. குரங்கு தின்கிற பழ மரங்கள் நிறைய போய்விட்டன, குரங்குகள் கீழே இறங்கி வர அதுவும் ஒரு காரணம். அங்கே நடத்தான் காட்டத்தியும் காட்டு ரம்புத்தானும் வளர்த்து வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு ஒரு கம்பெனி ஆட்கள் நட வருவதாக இருந்து, முந்தின நாள் ராத்திரி வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். "அறுபது குழி தோண்டி வச்சாச்சு. மழை வந்தா குழி மூடிக்கும். நானும் பாக் மாட்டும் எத்தன தூக்க முடியும் லா?"

"இந்தப் பழத்த இதுங்க தின்னுமா?"

"அதுக்குத்தான ஆன்டி நடுறோம்."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். ஐந்நூறு பேர் கல்யாணத்தில் சாம்பார் தீர்ந்துபோனால் அவர் முகம் எப்படி இருக்குமோ, அப்படி மாறியது. "என் கையாலன்னுதான வேண்டிக்கிட்டேன்? அதுங்க சாப்பாட்ட என் கையாலயே நடுறேன். வடை, கன்னு தூக்குறவங்களுக்கு." பிறகு தேவியைப் பார்த்து, "ஆள் நான் பிடிக்கிறேன், விடுவியா?" என்றார். தேவி ஒரு நிபந்தனை போட்டார். வடையைக் கம்பிவலைக் கூடத்துக்குள்ளேயே தின்ன வேண்டும், ஒரு துண்டுகூட வெளியே போகக் கூடாது.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் நேரில் பார்த்திருக்க வேண்டும். அக்கா நுழைவாயிலில் நின்றுகொண்டு வருகிறவர்களை எல்லாம் மறித்தார். சுபாங் ஜெயாவிலிருந்து வந்த சீன மலையேறிகள் ஆறு பேர், மூன்று பிள்ளைகளோடு ஒரு மலாய்க் குடும்பம், ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு குளிக்க வந்த கிள்ளான் பையன்கள் ஒரு வேன் நிறைய. "ஒன் ட்ரீ, ஒன் வடை! சாத்து போக்கோக், சாத்து வடை!" என்று மரத்துக்கு ஒரு வடைக் கணக்கை ஆங்கிலத்திலும் மலாயிலும் கூவினார். கிள்ளான் பையன் ஒருவன், "ரெண்டு கன்னு தூக்கினா ரெண்டு வடையா ஆன்டி?" என்றான். "தண்ணி வாளியும் தூக்கினா மூணு" என்று பேரம் முடிந்தது. ஸ்பீக்கரைத் தேவி வாங்கி ஆபீஸில் வைத்துப் பூட்டினார், ஒரு பையனும் முணுமுணுக்கவில்லை.

சரிவு அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் இருநூறு மீட்டர். தூரம் கம்மிதான், ஏற்றம் அதிகம். கையில் இரண்டு கன்றோடு எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது, என்னை ஐந்து வயது மலாய்ப் பிள்ளை முந்திக்கொண்டு போனது. முட்டி வலிக்காரியான அக்கா ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு, நடுநடுவே உட்கார்ந்து, எப்படியோ ஏறிவிட்டார். பாக் மாட் எல்லோருக்கும் செய்து காட்டினார். பையைக் கிழித்து எடுக்க வேண்டும், வேர் மண் உதிரக் கூடாது, மண்ணைக் கையால் அழுத்த வேண்டும், காலால் மிதிக்கக் கூடாது. அக்கா ஒன்பது கன்று நட்டார். ஒவ்வொன்றுக்கும் ராம நாமம். பக்கத்துக் குழியில் இருந்த சீனப் பெண்மணி அதைக் கேட்டுவிட்டு, செடி நட்டால் சொல்ல வேண்டிய வார்த்தை போலிருக்கிறது என்று தானும் "ராமா, ராமா" என்று சொல்லிக்கொண்டே நட்டார். யாரும் திருத்தவில்லை.

கடைசிக் கன்றை நட்டுவிட்டு அக்கா தேவியிடம், "இது எப்பம்மா காய்க்கும்?" என்று கேட்டார்.

"ஏழு எட்டு வருஷம் ஆகும் ஆன்டி."

அக்கா மண்ணை இன்னொரு தரம் தட்டிவிட்டு எழுந்தார்.

பன்னிரண்டரைக்குக் கீழே கம்பிவலைக் கூடத்தில் வடை விருந்து. ஆறிய வடைதான், ஆனாலும் கடித்தால் மொறுமொறு, நல்ல மிளகுக் காரம். பாக் மாட் நான்கு தின்றுவிட்டு "செடாப், செடாப்" என்று மலாயில் ருசியைப் புகழ்ந்தார். விரதத்தில் இருந்த தேவிக்கு அக்கா இரண்டைத் தனியாகக் கட்டிக் கொடுத்தார். வலைக்கு வெளியே குரங்குகள் உட்கார்ந்து எங்களையே பார்த்தன. மிருகக்காட்சிசாலையில் நாம் பார்க்கிற மாதிரியே, கூண்டுக்குள் தின்கிறவர்களை வெளியிலிருந்து வேடிக்கை. ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்ததும் ஒவ்வொன்றாக மரத்துக்குப் போயின.

போக விரும்புகிறவர்களுக்குச் சில விஷயங்கள். நுழைவுக் கட்டணம் தலைக்கு இரண்டு ரிங்கிட், காருக்கு மூன்று, சில்லறையாகக் கொண்டு போங்கள். கார் இல்லாதவர்கள் கே.எல். சென்ட்ரலிலிருந்து காஜாங்வரை ரயிலில் போய், அங்கிருந்து வாடகைக் கார் எடுக்கலாம். திரும்பிவரக் கார் கூப்பிட அங்கே போன் சிக்னல் கிடைக்காது, அதே டிரைவரிடம் நேரம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். முழங்கால்வரை காலுறை போடுங்கள், மழைக்கு அடுத்த நாள் அட்டை அதிகம். மதியம் இரண்டுக்குமேல் ஆற்றில் இறங்காதீர்கள், மலையில் மழை பெய்தால் இங்கே வெயிலடிக்கும்போதே தண்ணீர் ஏறும். சாப்பாட்டை மூடி போட்ட டப்பாவில் கொண்டு போய்க் கூடத்துக்குள் சாப்பிடுங்கள், பிளாஸ்டிக் பை கையில் தெரிந்தாலே குரங்குக்கு அழைப்பு வைத்த மாதிரி. முக்கியமாக, குரங்கைப் பார்த்துப் பாவப்படாதீர்கள். அப்படிப் பாவமாக இருந்தால் சனிக்கிழமை காலை எட்டரைக்குள் போய்த் தேவியிடம் கன்று கேளுங்கள். ஏழெட்டுப் பேர் ஒதுங்கிப் போகாமல் ஆளுக்கொன்று தூக்கினால் அவருக்கு ஒரு வார வேலை மிச்சம். தேவி மாதிரி ஒரு ஆள் வாசலில் நிற்பதால்தான் நமக்கு அந்த ஆறும் காடும் இருக்கின்றன என்பதை நான் அன்றைக்குத்தான் யோசித்தேன்.

மூன்று மணிக்குக் கிளம்பினோம். வேண்டுதல் தீர்ந்ததா இல்லையா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. செமினி தாண்டிச் சிக்னல் வந்ததும் அக்கா போனை எடுத்துக் கவிதாவைக் கூப்பிட்டார். பாப்பா அழுகிற சத்தம் கார் முழுக்கக் கேட்டது.

"கவிதா, கேளு. அந்த மரம் காய்க்க எட்டு வருஷமாம். பாப்பாவுக்கு எட்டு வயசு ஆனதும் நாம எல்லாரும் பாக்கப் போறோம். அந்த மேடு ஏறணும், இப்பவே சொல்லிட்டேன்."

"அம்மா," என்றாள் கவிதா, "இன்னொரு தரம் சொல்லு."

"எட்டு வயசுல," என்றார் அக்கா, சத்தமாக.