மாப்பிள்ளை காரின் பானெட்

அவருக்கு ஊரில் ரெண்டுவாட்டி என்றுதான் பெயர். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவார். திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். அடுப்பை அணைத்த பிறகும் மூக்கைக் கொண்டுபோய் மோந்து பார்ப்பார். வரிசையில் யாராவது முன்னால் புகுந்தால் மட்டும் ஒருவாட்டிகூடக் கேட்க மாட்டார். கேட்கப் பயம்.

வேலை, பைபர் தண்ணீர்த் தொட்டி செய்யும் பட்டறையில். அவர் மெழுகு பூசிய அச்சில் தொட்டி ஒட்டிக்கொண்டதாகச் சரித்திரமே கிடையாது. எப்படி ஒட்டும்? ஊருக்கெல்லாம் ஒரு பூச்சு என்றால் இவருக்கு ரெண்டு பூச்சு. "யோவ், மெழுகுவர்த்தியே செஞ்சிடுவ போலிருக்கே" என்று முதலாளி கத்துவார். அதற்கும் பயந்துகொண்டே இன்னொரு பூச்சு பூசுவார்.

இப்படிப்பட்ட மனுஷனுக்கு ஓர் ஆசை வந்தது பாருங்கள்! தன் பழைய காருக்குக் கார்பன் பைபரில் தானே பானெட் செய்ய வேண்டுமாம். பட்டறையில் மிச்சம் விழுந்த கார்பன் துணியை முதலாளி தூக்கிக் கொடுத்த நாளிலிருந்து இதே நினைப்பு. அவர் மனைவி ஒரே வரியில் முடித்துவிட்டாள்: "மொதல்ல பாத்ரூம் கதவுக்கு ஒரு கொண்டி போடுங்க. ராக்கெட்டெல்லாம் அப்புறம் விடலாம்."

துணி இருந்தால் ஆயிற்றா? அச்சு வேண்டுமே. நல்ல பானெட் ஒன்றின்மேல் மெழுகு பூசி, அதன்மேல் ரெசின் என்னும் பிசினும் கண்ணாடி இழைப் பாயும் அடுக்கடுக்காக ஒட்டி, இறுகியதும் உரித்தெடுத்தால் அதுதான் அச்சு. இவருடைய பானெட் துருவேறிச் சல்லடையாகக் கிடந்தது. அதே மாடல் கார் தங்கை வீட்டில் இருந்தது. அவள் புருஷனுடையது.

தங்கைதான் முந்திக்கொண்டு சொன்னாள். "எடுத்துக்கோண்ணே. அவரு வேலையா வெளியூர் போயிருக்காரு, மாசக் கடைசியிலதான் வருவாரு. அதுக்குள்ள மாட்டிட்டா யாருக்குத் தெரியப் போகுது?" சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது. அதனாலேயே இவர் சரியென்று தலையாட்டிவிட்டார்.

மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சத்தம் போட்டுப் பேசாத மனுஷன். காரைத் தினமும் வெள்ளைத் துணியால் தானே துடைப்பார், வேறு கை படக்கூடாது. ஒருமுறை எல்லோரும் சேர்ந்து வெளியே சாப்பிடப் போனபோது தங்கை தன் கைப்பையைப் பானெட்மேல் வைத்துவிட்டாள். அவர் திட்டவில்லை, ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். அவள் அன்றைக்குச் சாப்பிடவேயில்லை. நம் ரெண்டுவாட்டி அதைக் கவனித்தார். புருஷன் பொண்டாட்டி விஷயம், நமக்கெதற்கு வம்பு என்று கை கழுவப் போய்விட்டார்.

ரெண்டுவாட்டியின் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. மாப்பிள்ளையின் காரை உள்ளே விட்டு, பானெட்டைக் கழற்றி, ரெண்டு முக்காலிமேல் மல்லாக்காமல் முதுகு மேலே இருக்கும்படி வைத்தார். மெழுகு பூசித் துடைத்தார், மறுபடி பூசினார், மறுபடி துடைத்தார். அதன்மேல் பச்சை நிறத் திரவம் ஒன்றை அடித்தார். காய்ந்தால் மெல்லிய தோலாகிவிடும். பிறகு தண்ணீர் விட்டால் கரைந்து அச்சை நழுவவிடும். அதன்மேல் அடித்த ரெசினின் முதல் பூச்சு பதமாக இறுகிற்று. இழைப் பாயை வெட்டி வைத்தார். பெரிய வாளியில் ரெசினை எடுத்து, ரெசினை இறுக வைக்கும் ஹார்ட்னரை அளந்து ஊற்றினார்.

அந்த நேரம் பார்த்துத் தங்கை ஓடி வந்தாள். காலில் செருப்பில்லை.

"அண்ணே, போன் பண்ணினாரு. வேலை முடிஞ்சிடுச்சாம். நாளைக்குச் சாயங்காலமே வர்றாராம்!"

"நாளைக்கா?" என்றார். "நாளைக்கேவா?" என்று மறுபடியும் கேட்டார். பிறகு வாளியைப் பார்த்தார். ஹார்ட்னர் ஊற்றினோமா, இல்லையா? அளவுக் குவளை காலியாக இருந்தது. ஊற்றியதால் காலியா, இன்னும் எடுக்கவே இல்லையா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. ஊற்றாவிட்டால் இறுகாது, நாளைக்குள் பிரிக்க முடியாது, தங்கச்சி என்ன ஆவாள்? அளந்து ஊற்றினார். ரெண்டாவது வாட்டி.

வேறு யாராவதாக இருந்தால் அந்த வாளியைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்திருப்பார்கள். இவருக்குப் பயம் கண்ணை மறைத்துவிட்டது. பரபரவென்று பானெட்டின் முன்பக்கத்திலிருந்து பூச ஆரம்பித்தார். பாதிகூட வந்திருக்காது, தூரிகை கையிலேயே விறைத்தது. ரெண்டு பங்கு ஹார்ட்னரில் கலவை சூடேறி வாளியிலிருந்து புகை கிளம்பியது. "ஐயையோ!" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி மணலில் எறிந்தார். திரும்பி வந்து பானெட்மேல் கை வைத்தவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அடுப்பாகக் கொதித்தது.

அவ்வளவு சூட்டில் மெழுகு என்ன ஆகும்? உருகும். மெழுகு உருகினால் அச்சு பெயிண்ட்டைப் பிடித்துக்கொள்ளும். இதெல்லாம் யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஈரச் சாக்குகளை அள்ளி அள்ளிப் போட்டார். தங்கை சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, "போச்சாண்ணே? பெயிண்ட்டு போச்சா?" என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். சூடு தணிந்த பிறகு ஒழுங்காக வேறு கலவை கலந்து மீதியை முடித்தார். கைதான் நடுங்கியது, பூச்சு நடுங்கவில்லை. அன்று அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

காலையில் பிரித்தார். விளிம்பில் பிளாஸ்டிக் ஆப்பு செருகி, ரப்பர் சுத்தியலால் தட்டி, இடைவெளியில் தண்ணீர் விட்டார். எதுவும் அசையவில்லை. இன்னொரு ஆப்பு. உள்ளே எங்கோ டக்கென்று ஒரு சத்தம். மனைவியும் தங்கையும் குனிந்து பார்த்தார்கள். தட்டத் தட்டச் சத்தம் நகர்ந்து வந்தது, ஒரு பக்கம் தூக்கியது, முழு அச்சும் கழன்று கையோடு வந்தது. உள்பக்கம் கண்ணாடியாய்ப் பளபளத்தது. அவருடைய ஆயுளில் அப்படியொரு அச்சு எடுத்ததில்லை.

ஆனால் முன்விளிம்பில், உள்ளங்கை அகலத்துக்கு, மாப்பிள்ளையின் பெயிண்ட் அச்சோடு போயிருந்தது. பானெட்டில் அந்த இடம் வெறும் தகரமாகத் தெரிந்தது.

"கவலைப்படாத பாப்பா. பட்டறை பெயின்டரைக் கூட்டிட்டு வந்து மதியத்துக்குள்ள டச்சப் பண்ணிடலாம். அச்சு அசலா இருக்கும்."

"கண்டுபிடிச்சிடுவாரு" என்றாள் தங்கை. அழவில்லை. "எப்பவும் கண்டுபிடிச்சிடுவாருண்ணே."

சொல்லிக்கொண்டே இரண்டு காதிலிருந்தும் தோட்டைக் கழற்றினாள். வாசலில் செருப்பைக் கழற்றுவது போல, யோசிக்காமல் செய்தாள். அண்ணன் மனைவியிடம் நீட்டினாள். "இது உங்ககிட்ட இருக்கட்டும் அண்ணி."

"எதுக்குடி இதக் கழட்டுற?"

"போன தடவை காது கிழிஞ்சிடுச்சு."

அண்ணன் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தார். தான் நேற்றிலிருந்து பயந்தது ஒரு தகரத்துக்கு. இவள் எத்தனை வருஷமாக எதற்குப் பயந்துகொண்டிருக்கிறாள்! பூட்டை இழுத்துப் பார்க்கத் தெரிந்த தனக்கு, கூடப் பிறந்தவளை ஒருமுறை திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லையே என்று நெஞ்சு வலித்தது.

பெயின்டரைக் கூப்பிடவில்லை. பானெட்டை அப்படியே மாட்டி, காரைக் கொண்டுபோய் விடக் கிளம்பினார். கூடவே ஏறப் போன தங்கையைத் தடுத்து இறக்கினார். "நீ இங்கயே இரு."

"பேச வருமாங்க உங்களுக்கு?" என்று மனைவி மெதுவாகக் கேட்டாள்.

"தெரியலடி" என்றார். உண்மையைத்தான் சொன்னார்.

சாயங்காலம் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளை தன் வீட்டு வாசலிலேயே நின்றிருந்தார். காரைச் சுற்றி வந்தார். தகரம் தெரிந்த இடத்தை விரலால் தடவினார்.

"யாரு செஞ்சது?"

"நான்தான் மாப்பிள்ளை. அச்சு எடுத்தேன், ஒட்டிக்கிச்சு."

"சாவியைக் கொடுத்தது அவதானே?" குரல் உயரவேயில்லை. "சரி, போங்க மச்சான். போய் அவளை அனுப்புங்க. நான் பேசிக்கிறேன்."

ரெண்டுவாட்டிக்கு முழங்கால் ரெண்டும் தனித்தனியாக ஆடின. ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. காரைப் பிடித்துக்கொண்டார்.

"அனுப்ப மாட்டேன்" என்றார்.

மாப்பிள்ளை பானெட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு ஒரு எட்டு முன்னால் வந்தார். "என்ன சொன்னீங்க?"

நடுக்கம் நிற்கவில்லை. ஆனாலும் ரெண்டாவது வாட்டியும் சொன்னார்.