கீழ் வீட்டு மாமியும் க்யூ பக்கமும்

மயிலாப்பூரில் எங்கள் குடியிருப்பில் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஆங்கிலச் சொல் விளையாட்டு. ஆடுவது நானும் கீழ் வீட்டு மாமியும். புள்ளி எழுதுவது மாமா. இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட நான் ஜெயித்ததில்லை.

மாமி வைத்த சட்டம் ஒன்று உண்டு. ஆட்டம் முடியும்வரை செல்போன்கள் முறுக்கு டப்பாவுக்குள் இருக்கும். தெரியாத சொல்லை வைத்தால், அதன் பொருளைத் தன் கையால் எழுதிய நோட்டைக் காட்ட வேண்டும். என்னிடம் அப்படி ஒரு நோட்டு இருக்கிறது. அகரவரிசை, சிவப்புக் கோடு, மூன்று பத்தி: சொல், பொருள், உதாரணம். மறக்காமல் இருக்க உதாரணத்துக்குத் தெரிந்தவர்களையே போட்டிருந்தேன். மாமி அதைக் கேட்டதே இல்லை. நான் வைத்ததெல்லாம் நாய், பூனை, நாற்காலி ரகம்.

போன சனிக்கிழமை ஐம்பத்தொரு புள்ளி பின்னால் இருந்தேன். பையில் எழுத்துக் கட்டைகள் தீர்ந்துவிட்டன. என் கையில் இருந்த ஏழு கட்டைகளையும் பலகையில் கிடந்த ஒரு எழுத்தோடு சேர்த்து 'க்விட்நங்க்' என்று வைத்தேன். எழுபது புள்ளி. ஆட்டமும் அதோடு முடிந்தது.

"இது என்னடி, இருமினாப்ல இருக்கு?" என்றார் மாமி. "நோட்டைக் கொண்டா."

அப்போதுதான் அந்தச் சொல்லுக்கு நான் எழுதியிருந்த உதாரணம் ஞாபகம் வந்தது.

"சந்தேகமா இருந்தா எடுத்துடேம்மா," என்றார் மாமா.

எடுத்திருக்கலாம். இரண்டு வருடம். நோட்டை நீட்டினேன்.

மாமி முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். 'பி'யில் நின்றார். "ப்ளாதர்ஸ்கைட். ஓயாமல் வெட்டிப்பேச்சு பேசுபவர். உதாரணம்: கீழ் வீட்டு மாமா, காலை ஆறு முதல்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். "ஏன்னா, கேட்டேளா? மேல் மாடி வரைக்கும் தெரிஞ்சிருக்கு."

"உன் பேர் எந்தப் பக்கத்துல இருக்குன்னு பாரு," என்றார் மாமா.

'க்யூ' எழுத்துப் பக்கம் வந்தது; க்விட்நங்க் அங்கேதான். மாமி இதை வாய்விட்டுப் படிக்கவில்லை. நான் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் இருந்தது இதுதான்: 'ஊர் வம்பு கேட்டு அலைபவர். உதாரணம்: கீழ் வீட்டு மாமி. லிஃப்ட் சத்தம் கேட்டால் கதவைத் திறப்பார்.'

"தப்பு," என்றார் மாமி.

"பொருள் சரிதான் மாமி, அகராதியைப் பார்த்துத்தான்..."

"பொருளை யார் சொன்னா? லிஃப்ட் ஓடி நாலு மாசம் ஆச்சு. நான் திறக்கறது செருப்புச் சத்தத்துக்கு. என்னைப் பத்தி எழுதறவ சரியா எழுத வேண்டாமோ?"

இத்தனை வருடம் நோட்டு எழுதியதில் என்னை யாரும் இப்படித் திருத்தியதில்லை. பேனாவை வாங்கி லிஃப்டை அடித்து, மேலே 'செருப்பு' என்று எழுதி, தேதி போட்டேன். மாமி சரிபார்த்தார்.

"இப்ப எழுபது போடுங்கோ," என்றார் மாமாவிடம். பிறகு என்னிடம், நோட்டைக் கொடுக்காமலே: "மூணாவது மாடிக்காரிக்கு எந்தப் பக்கம்?"